மடக்குக் கூரைக் காரும் ஈர விரிப்பும்

கேள்வி: பெங்களூரில் விற்பனைக்கு வந்துள்ள 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 280 எஸ்எல் மடக்குக் கூரைக் காரை வாங்க விரும்புகிறேன். எவற்றைச் சோதிக்க வேண்டும்? – வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பெயிண்ட்டின் பளபளப்பில் மயங்காமல், முதலில் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் ஈரமிருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள். 1971 முதல் 1989 வரை தயாரான இந்த வரிசையில், என்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு துருப்பிடித்திருந்தால், மழைநீர் அந்த வழியாகவே உள்ளே இறங்கும். ஜாக்கி வைக்கும் இடங்களைத் தட்டும்போது 'ணங்' என்பதற்குப் பதில் 'தொப்' என்று கேட்டால், பட்டி பூசித் துருவை மறைத்திருக்கக்கூடும். துணிக்கூரையை நீங்களே மடக்கி விரியுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருப்பவரை நான் நம்புவதில்லை. சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றுடன் ஒப்பிடுங்கள். கர்நாடகப் பதிவு என்றால், அங்கிருந்து தடையின்மைச் சான்று (என்ஓசி) வாங்க வேண்டும், தமிழ்நாட்டுச் சாலை வரியும் கட்ட வேண்டும். அதையும் கணக்கிட்டே விலை பேசுங்கள்.