பரோக் இசைக் குழுக்கள் ஏன் சுருதியைத் தாழ்த்தி வாசிக்கின்றன?

இன்றைய ஆர்க்கெஸ்ட்ராக்கள் 'ஏ' என்ற ஸ்வரத்தைப் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸில் அல்லது அதையொட்டிச் சேர்க்கின்றன. பரோக் என்பது 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை; பாக், ஹேண்டல், விவால்டி ஆகியோர் அதன் இசையமைப்பாளர்கள். அந்த இசையை அக்காலக் கருவிகளில் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415-இல் சேர்க்கின்றன. ஏறத்தாழ அரைக் கட்டை குறைவு. இதைத்தான் 'பரோக் சுருதி' என்கிறார்கள்.

காரணம் கருவிகளிலேயே இருக்கிறது. அக்கால மரப் புல்லாங்குழல், ஓபோ என்ற ஊதுகருவி ஆகியவற்றின் நீளமும் துளைகளும் தாழ்ந்த சுருதிக்கென்றே செய்யப்பட்டவை. வயலினைப் போல முறுக்கி ஏற்ற முடியாது. வயலினில் கட்டுவது ஆட்டுக்குடல் தந்தி. 440-லிருந்து 415-க்கு இறக்கினால் அதே தந்தியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். வில் பட்டதும் ஒலி இளகி, பேச்சுப் போல வரும். தொல்லையும் உண்டு: குடல் தந்தி ஈரத்தை உறிஞ்சும், மேடை விளக்கின் சூட்டில் காயும். இரண்டு உருப்படிகளுக்கு நடுவே மறுபடி சுருதி சேர்ப்பது அதனால்தான்.

ஹார்ப்சிகார்டு, தந்தியை மீட்டி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி. அவற்றில் சிலவற்றில் ஓரத்து மரத்துண்டை எடுத்துவிட்டு விசைப்பலகையை ஒரு விசை அளவு தள்ளினால் 415-இலிருந்து 440-க்கு மாறிவிடும். ஆனால் ஸ்வர இடைவெளிகள் சமமாக இல்லாத பழைய முறையில் சுருதி சேர்த்திருந்தால், சுருதி ஒத்துப்போகாமல் கரகரக்கும் ஸ்வர இடைவெளியும் கூடவே நகரும். சில ஸ்வரங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எல்லாரும் 415-இல்தான் வாசித்தார்கள் என்பது தவறு. படி அளவு ஊருக்கு ஊர் மாறியது போலச் சுருதியும் மாறியது: பிரான்சில் 392 அளவுக்குத் தாழ்ந்தும் உண்டு, ஜெர்மன் தேவாலய ஆர்கன்கள் 460-ஐத் தாண்டியதும் உண்டு. 415 என்பது இன்றைய கலைஞர்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.