டீச்சரிடம் கேளுங்கள்: ‘மஸ்ட்’டுக்குப் பக்கத்தில் நிற்பது யார்?

கேள்வி: அறுகம்பையில் ஒரு விடுதிக்கு வான் ஓடுகிறேன். போன மாதம் முதலாளி ஒரு வெள்ளைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை எனக்கும் போட்டிருந்தார். ‘தி டிரைவர் மஸ்ட் பி இன் பொத்துவில் பை நவ்’ என்று கிடந்தது. ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நான் அப்போது அக்கரைப்பற்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கட்டளை வந்துவிட்டது என்று கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வானை எடுத்தேன். போய்ச் சேர்ந்தால் முதலாளி சிரிக்கிறார். நான் விட்ட பிழை என்ன?
– வான் சாரதி ஒருவர், பொத்துவில்

பதில்: பாதியில் வைத்த தேத்தண்ணிக்கு முதலில் என் அனுதாபம், தம்பி. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வீணாக விரட்டியிருக்கிறீர்கள். உங்கள் முதலாளி உங்களுக்கு ஒன்றும் கட்டளை போடவில்லை. ‘இந்நேரம் பொத்துவிலுக்கு வந்திருப்பான்’ என்று விருந்தாளிக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

‘மஸ்ட்’டுக்கு இரண்டு வேலை. ஒன்று கட்டாயப்படுத்துவது, மற்றது ஊகிப்பது. எந்த வேலைக்கு வந்திருக்கிறது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. கூட வந்திருக்கும் சொற்களைத்தான் பார்க்க வேண்டும். அதே வசனத்தில் ‘பை நவ்’வுக்குப் பதிலாக ‘பை சிக்ஸ்’ என்று வந்து, மணியும் இன்னும் ஐந்தாகவில்லை என்றால் நீங்கள் ஓடியது சரி. ஆறு மணி என்பது இனி வரப்போகும் நேரம், அதற்குக் கட்டளை போடலாம். ‘பை நவ்’ என்றால் அந்த நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது. வந்துவிட்ட நேரத்துக்கு யார் கட்டளை போடுவார்கள்? ஊகிக்கத்தான் முடியும்.

தமிழில் இந்தக் குழப்பம் நமக்கு வருவதில்லை. ‘ஆறு மணிக்குள்ள வரவேணும்’ என்போம், ‘இந்நேரம் வந்திருக்கவேணும்’ என்போம். வினையே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘மஸ்ட் பி’ இரண்டு இடத்திலும் அப்படியே இருக்கிறது, ‘பை’க்குப் பின்னால் வரும் நேரம்தான் பொருளைத் திருப்புகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பி’ (இருப்பது), ‘நோ’ (தெரிந்திருப்பது), ‘ஹாவ்’ (வைத்திருப்பது) மாதிரி சும்மா ஒரு நிலையைச் சொல்லும் வினைகளோடுதான் ‘மஸ்ட்’ சுலபமாக ஊகத்துக்குப் போகும். ‘மஸ்ட் கோ’ என்று வந்தால் பெரும்பாலும் கட்டளைதான். அப்போது வானை எடுங்கள்.

‘ஷுட்’ இதைவிட வழுக்கும். ‘யூ ஷுட் பி ஹியர் பை சிக்ஸ்’ என்றால் ‘ஆறுக்குள் வந்துவிடு’ என்றும் எடுக்கலாம், ‘இந்த றோட்டில் வந்தால் ஆறுக்குள் வந்து சேருவாய்’ என்றும் எடுக்கலாம். அங்கே திருப்பிக் கேட்பதில் வெட்கமே இல்லை. இங்கிலீஸ்காரரும் கேட்பார்கள்.

கேள்வி: ‘பொசிப்லி’ என்றால் ‘ஒருவேளை’ என்று அகராதி சொல்கிறது. அப்படியானால் ‘ஐ கான்ட் பொசிப்லி கம்’ என்றால் ‘ஒருவேளை வரமாட்டேன்’ என்பதா?
– ஏ.எல். மாணவி, செங்கலடி

பதில்: மகள், இதே அகராதியை நம்பித்தான் நானும் கெட்டேன். படிப்பிக்கத் தொடங்கிய இரண்டாம் வருசம், திருக்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மட்டக்களப்பில் ஒரு பயிற்சி வகுப்பு என்று கடிதம் வந்தது. மார்கழி மாதம், விடாத மழை, பஸ் ஓடுமோ ஓடாதோ தெரியாது. ‘வரக் கிடைக்காமலும் போகலாம்’ என்று பணிவாகச் சொல்ல நினைத்து ‘ஐ கேன்னாட் பொசிப்லி அட்டென்ட்’ என்று எழுதி அனுப்பினேன். மறுகா மழை விட்டது. குடையும் கையுமாகப் போய் இறங்கினால் பட்டியலில் என் பேர் இல்லை. மதியச் சாப்பாட்டுப் பார்சலும் இல்லை. அங்கிருந்த அதிகாரி என் கடிதத்தை எடுத்துக் காட்டி, ‘வர வழியே இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?’ என்றார். அவர் வாசித்தது சரி. நான் எழுதியதுதான் பிழை.

தமிழில் மறுப்பு கடைசியில் வரும், முன்னால் உள்ளதைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ‘நாட்’ முன்னால் வந்து, தனக்குப் பின்னால் உள்ளதைப் பிடிக்கும். ‘கான்ட்’டுக்குப் பிறகு வரும் ‘பொசிப்லி’ அந்த மறுப்புக்குள் விழுந்துவிடுகிறது. அதனால் ‘எந்த வழியாலும் ஏலாது’ என்று பொருள். நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ மே நாட் பி ஏபிள் டு அட்டென்ட்’.

‘ரியலி’யும் இப்படித்தான் இடம் பார்த்துக் குணம் மாறும். ‘ஐ ரியலி கான்ட் சே’ என்றால் ‘சத்தியமாக என்னால் சொல்ல ஏலாது’. ‘ஐ கான்ட் ரியலி சே’ என்றால் ‘இன்னதென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை’. முதலாவதில் ‘ரியலி’ மறுப்புக்கு வெளியே நின்று அதற்கு உரம் போடுகிறது. இரண்டாவதில் உள்ளே அகப்பட்டு மெலிந்துவிடுகிறது.

ஆனால் கேள்வி வசனங்களில் வரும் ‘பொசிப்லி’ வேறு. ‘குட் யூ பொசிப்லி’ என்று தொடங்கினால் அது வெறும் மரியாதை. கடன் கேட்கும்போது பயன்படும்.

கேள்வி: கந்தோரில் கடிதம் எழுதும்போது ‘யூ மஸ்ட் ஆன் பிரைடே சப்மிட்’ என்று எழுதினேன். மேலதிகாரி சிவப்பு மையால் வெட்டிவிட்டார். ‘மஸ்ட் ஆல்வேஸ் சப்மிட்’ சரியென்றால் இது ஏன் பிழை?
– எழுதுவினைஞர், கல்முனை

பதில்: ‘ஆல்வேஸ்’, ‘ஆல்சோ’, ‘நெவர்’, ‘புரொபப்லி’ எல்லாம் ஒற்றைச் சொல். ‘மஸ்ட்’டுக்கும் வினைக்கும் நடுவில் உட்கார அவற்றுக்கு இடம் உண்டு. ‘ஆன் பிரைடே’ ஒரு தொடர், அது வசனத்தின் கடைசிக்கோ தொடக்கத்துக்கோ போக வேண்டும். ‘வெள்ளிக்கிழமை கட்டாயம் ஒப்படைக்க வேண்டும்’ என்று தமிழில் நாளை முன்னால் சொல்லிப் பழகியதால் வருகிற பிழை இது. நடுவில் வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கமா போடுங்கள். வங்கிப் பத்திரங்களில் ‘மே’ என்று தொடங்கி, கமா போட்டு, ‘அட் தி டிஸ்கிரெஷன் ஆஃப் தி பேங்க்’ (வங்கியின் விருப்பப்படி) என்று ஒரு வால் விட்டு, திரும்பவும் கமா போட்டு, அதற்குப் பிறகுதான் வினைக்கு வருவார்கள். நாம் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது அந்த இரண்டு கமாவுக்கு நடுவில் உள்ளதைத்தான்.

கேள்வி: ‘மே கம்’, ‘மே வெல் கம்’, ‘மைட் ஆஸ் வெல் கம்’. மூன்றும் ஒன்றா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: இல்லை. ‘வந்தாலும் வருவான்’, ‘அநேகமாக வருவான்’, ‘சும்மா இருக்கிற நேரம் வந்துவிட்டுத்தான் போகட்டுமே’.

கேள்வி: என் மகனுக்கு அவன் வேலை செய்த இடத்தில் ஒரு சான்றுக் கடிதம் தந்தார்கள். அதில் ‘ஐ கேன்னாட் ரெக்கமென்ட் ஹிம் டூ ஹைலி’ என்று இருக்கிறது. ‘பெரிதாகச் சிபாரிசு செய்ய முடியாது’ என்று எழுதிவிட்டார்களே! மூன்று வருசம் உழைத்த பிள்ளைக்கு இதுவா கூலி? நேர்முகத் தேர்வுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி ஒளித்து வைத்திருக்கிறேன்.
– தாய் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஐயோ, உடனே வெளியே எடுங்கள்! ‘டூ’ என்றால் அளவுக்கு மிஞ்சி. ‘இவனை எவ்வளவு புகழ்ந்தாலும் அது மிகையாகாது’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்து அனுப்புங்கள்.