சாவியைத் திருப்பினால் ‘டிக்’ மட்டும்: கேள்வி பதில்

திருகோணமலையில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். ‘ஸ்டார்ட் ஆகுதில்லை, டிக் டிக் என்குது’ என்று வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். பெயின்ற், ஏசி பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

உப்புவெளி: அண்ணை, மாருதி 800. இரண்டு நாள் எடுக்காமல் விட்டேன். இப்போது டிக்-டிக்-டிக் என்று வேகமாக அடிக்கிறது, எஞ்சின் சுற்றவில்லை. புதுப் பற்றரி வாங்கவா?

பதில்: காசை இப்போதைக்கு வைத்திருங்கள் தம்பி. எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டர்தான் ஸ்டார்ட்டர். அதோடு சேர்ந்திருக்கும் சொலனோயிட் ஒரு காந்தச் சுருள். சாவியைத் திருப்பியதும் அது இழுத்துப் பிடித்து, மோட்டருக்குக் கரண்ட் விடும். மோட்டர் கேட்கும் கரண்டைக் கொடுக்க முடியாவிட்டால் வோல்ற் சடாரென்று விழும், காந்தம் பிடியை விடும். சுமை போனதும் வோல்ற் ஏறும், மறுபடி பிடிக்கும். இந்த இழுபறிதான் உங்களுக்குக் கேட்கும் சத்தம்.

கரண்ட் போதவில்லை என்பது நிச்சயம். அதற்குப் பற்றரிதான் காரணம் என்பது நிச்சயமில்லை. நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். பற்றரியில் வயர் மாட்டும் ரேர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா? அசிட் ஆவியும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. நெகற்றிவ்வை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து, பற்றரிக்குள் போகாமல் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் இறுக்கி வஸ்லீன் பூசுங்கள். அப்புறம் நெகற்றிவ்விலிருந்து வரும் எர்த் வயர் வாகன உடலிலும் கியர்பொக்ஸிலும் முடியும் இடங்களைப் பாருங்கள். மேலே பார்த்தால் நல்லாக இருக்கும், நட்டைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. இந்த ஊரில் பாதிப் பேர் எர்த் வயரைப் பார்க்காமலே பற்றரி மாற்றுகிறார்கள்.

வோல்ற் அளக்கும் மீற்றர் இருந்தால், வாகனம் சும்மா நிற்கும்போது 12.6 வோல்ற் நல்லது. 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே காலி. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் ஸ்டார்ட் அடிக்கையில் 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பற்றரி மேல் பழி போடலாம்.

கிண்ணியா: எனக்கும் இதே டிக் டிக்தான். விட்ஸ்.

பதில்: மேலே இருக்கிறது.

மூதூர்: பழைய கொரோலா. ஒரே ஒரு ‘டக்’, அவ்வளவுதான். லைற் மங்கவும் இல்லை.

பதில்: இது வேறு கதை. சொலனோயிட் பிடிக்கிறது, ஆனால் மோட்டருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. டென்சோ ஸ்டார்ட்டர் என்றால் உள்ளே இருக்கும் செப்புத் தொடுப்புகள் தேய்ந்திருக்கும். பத்துத் தரம் டக், பதினோராவது தரம் ஸ்டார்ட் என்றால் பெரும்பாலும் அதுதான். இல்லாவிட்டால் மோட்டருக்குள் கரண்ட் கடத்தும் கரித்துண்டு தேய்ந்திருக்கும். இரண்டையும் தனியாக மாற்றலாம். முழு ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொன்னால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால் மட்டும் சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்க வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு சேர்ந்த கொன்றொட் என்ற தண்டு வளையக்கூடும்.

நிலாவெளி: தம்பி, இவ்வளவு எழுதத் தேவையில்லை. எஞ்சின் ஓடும்போது நெகற்றிவ்வைக் கழற்று. எஞ்சின் நின்றால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்ரனேற்றர் பிழை, ஓடினால் சரி. முப்பது வருசமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

பதில்: ஐயா, தயவுசெய்து வேண்டாம். ஓடும்போது பற்றரியைப் பிரித்தால் அல்ரனேற்றரின் வோல்ற் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அதை விழுங்குவது கம்பியூட்டர் பெட்டி. அது பற்றரியை விட எவ்வளவு விலை என்று கேட்டுப் பாருங்கள்.

நிலாவெளி: என் லொறிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அதில் கம்பியூட்டர் இல்லை, அதனால் தப்பியது. இன்னொன்றும் சொல்கிறேன். பழைய டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கினால் அதற்குக் கரண்டே தேவையில்லை. அல்ரனேற்றர் செத்தாலும் ஓடும். அப்படியென்றால் முப்பது வருசமாக நீங்கள் எதைச் சோதித்தீர்கள்?

தம்பலகாமம்: ஐயா சொல்வது சரிதான், எங்கள் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார்.

பதில்: அப்பா ஓட்டியது எந்த வாகனம், நீங்கள் ஓட்டுவது எது? எஞ்சின் ஓடும்போது பற்றரியில் மீற்றரை வையுங்கள், 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஒரு வயரையும் கழற்றத் தேவையில்லை.

கன்னியா: அக்குவா. பட்டனை அழுத்தினால் டிக் டிக், டாஷ்போர்டில் எல்லா லைற்றும் மின்னுகிறது. ஸ்டார்ட்டர் போய்விட்டதா அண்ணா?

பதில்: அதில் நீங்கள் நினைக்கிற ஸ்டார்ட்டரே இல்லை தங்கச்சி. எஞ்சினைச் சுற்றுவது ஹைபிரிட் மோட்டர். அதை எழுப்பும் ரிலே சுவிச்சுகள்தான் அடிக்கின்றன. பின்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ற் பற்றரியைச் சோதியுங்கள். செம்மஞ்சள் வயர் எதையும் தொடாதீர்கள்.

கந்தளாய்: ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: முடியாது.

சீனன்குடா: அண்ணை, வேகமாக டிக் டிக் என்று...

பதில்: உப்புவெளித் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள். ரேர்மினல், எர்த், பிறகு பற்றரி.

நிலாவெளி: மீற்றர் வாங்கிவிட்டேன். என் வான் வண்டிப் பற்றரியில் வைத்தால், எஞ்சின் ஓடும்போது 12.4 காட்டுகிறது. சரியா?

பதில்: இல்லை ஐயா, சார்ஜ் ஏறவில்லை. பெல்ற் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாளைக்குக் கொண்டு வாருங்கள். வரும் வழியில் நெகற்றிவ்வைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.