ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருமா?

வரும், ஆனால் அரிது. இந்நோய் உள்ள 100 பேரில் சுமார் ஒருவர்தான் ஆண். பால் சுரக்காவிட்டாலும் ஆணின் மார்புக் காம்புக்குப் பின்னால் சிறு பால்நாளங்கள் உண்டு; புற்று அவற்றிலும் தொடங்கலாம். தண்ணீர் வராத தெருக்குழாயும் துருப்பிடிக்கும் அல்லவா, அதுபோல. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. பிஆர்சிஏ2 மரபணுவில் பிறவிக் கோளாறு இருந்தால் வாய்ப்பு கூடும்.

குளிக்கும்போது சோப்புக் கையால் காம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புளியங்கொட்டை போலக் கெட்டியான கட்டி, உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, பனியனில் ரத்தக்கறை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன், ஊசி வழியாகச் சதை எடுத்துச் சோதிப்பது என்று பார்ப்பார்கள். கட்டி பெரும்பாலும் வலிக்காது. ஆட்கள் தள்ளிப்போடுவதே அதனால்தான்.

"வெறும் கொழுப்புதான்" என்று நினைப்பவர்கள் அதிகம்; கொழுப்பு பொதுவாக இருபுறமும் மெத்தென்று பரவியிருக்கும், கெட்டியாக ஒரே இடத்தில் திரளாது.