ஓட்டரா செஸ்னாவா, புது ரிக்கா பழசா?

ஸ்கைடைவிங் பழகுகிறவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி விமானத்தைப் பற்றியவை, மீதி ரிக் (முதுகில் கட்டும் முழு பாராசூட் செட்) முதலான கருவிகளைப் பற்றியவை. இந்த முறை இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: போய்வரும் தூரத்தில் எனக்கு இரண்டு டிராப் ஜோன்கள் (ஸ்கைடைவிங் மைதானங்கள்) இருக்கின்றன. ஒன்றில் செஸ்னா 182, டிக்கெட் மலிவு. மற்றதில் ட்வின் ஓட்டர், டிக்கெட் விலை அதிகம். "ஓட்டரில் ஒருமுறை ஏறிவிட்டால் செஸ்னா பக்கமே திரும்ப மாட்டாய்" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. முதலில் கணக்கைப் பார்ப்போம். செஸ்னா 182-இல் பைலட்டைத் தவிர நான்கு பேர் போகலாம். ஒரே ஒரு பிஸ்டன் இன்ஜின். 10,000 அடி ஏற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், வெயில் கொளுத்தும் நாளில் அரை மணி நேரம்கூட ஆகலாம். ஓட்டரில் இரண்டு டர்பைன் இன்ஜின்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ கால் மணி நேரத்தில் 13,000 அடிக்குப் போய்விடும்.

குதித்த பிறகு முதல் 1,000 அடி விழ சுமார் 10 விநாடி, அதற்கடுத்த ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 5 விநாடி. 4,000 அடியில் பாராசூட்டைத் திறக்கிறீர்கள் என்றால், 10,000 அடியிலிருந்து 35 விநாடி ஃபிரீஃபால் (பாராசூட் திறக்காமல் விழுவது), 13,000 அடியிலிருந்து 50 விநாடி. இரண்டு டிக்கெட் விலையையும் இந்த விநாடிகளால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த டிக்கெட் சில சமயம் அவ்வளவு மலிவாக இருக்காது.

ஆனால் நண்பர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பெரிய விமானம் ஆள் நிரம்பாமல் கிளம்பாது. வார இறுதியில் பிரச்சினை இல்லை. வார நாளில் ஓட்டர் ஓரமாக நின்றுகொண்டிருக்கும், நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். செஸ்னாவுக்கு நான்கு பேர் சேர்ந்தால் போதும். அதனால் டிராப் ஜோனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விமானத்தின் பெயர் அல்ல. குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் கிளப்புவார்கள், காற்றோ மேகமோ கெடுத்துவிட்டால் வாங்கிய டிக்கெட் என்ன ஆகும், பணம் திரும்புமா அல்லது வரவு வைப்பார்களா, இதையெல்லாம் கேளுங்கள். பத்து ஜம்ப் மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். அதற்குக் காலக்கெடு உண்டா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

சிறிய விமானம் கற்றுத்தருவதும் நிறைய. சக்கரத்துக்கு மேலிருக்கும் படியில் கால் வைத்து, இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்தபடி காற்றில் தொங்கி, கையை விடுவது ஓட்டரில் கிடைக்காத பாடம். தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்து, எங்கே குதிக்க வேண்டும் என்று நாமே கணிக்கும் பழக்கமும் அங்கேதான் வரும். பெரிய விமானத்தில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லோரும் வரிசையாக இறங்கிவிடுகிறார்கள், கீழே பார்க்கிறவர் குறைவு. இன்னொன்று, நான்கு பேர் குதித்தால் வானில் நான்கு கேனபிதான், அதாவது விரிந்த பாராசூட். ஓட்டரிலிருந்து இருபது கேனபிகள் ஒரே மைதானத்தை நோக்கி இறங்கும்போது, புதியவருக்கு அந்த நெரிசல்தான் ஃபிரீஃபாலைவிடக் கடினமான பகுதி.

என் யோசனை: முதல் 50 ஜம்புகள் வரை நல்ல பயிற்சியாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள், அவரிடம் எந்த விமானம் இருந்தாலும் சரி. நான்கு பேருக்கு மேல் சேர்ந்து வானில் வடிவம் அமைக்கும் ஆசை வரும்போது ஓட்டர் வேண்டியிருக்கும்.

கேள்வி: கேரவன், போர்ட்டர், பேக் 750, ஸ்கைவேன், கிங் ஏர். இவற்றில் எது சிறந்த ஜம்ப் விமானம்?

பதில்: இந்த வாதம் ஒருபோதும் முடியாது. இப்படி வாதாடுகிறவர்களில் பாதிப்பேர் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

செஸ்னா கேரவன் ஒற்றை டர்பைன், பதினைந்து பேர் தாராளமாகப் போகலாம். நடுத்தர டிராப் ஜோனுக்குக் கட்டுப்படியாகும் விமானம் அது. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் போர்ட்டர் பத்துப் பேர் அளவுக்குத்தான், ஆனால் சின்ன ஓடுபாதையிலும் எழும்பிவிடும், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு வசதியானது. நியூசிலாந்தின் பேக் 750 எக்ஸ்எல் 2001-இல் முதன்முதலாகப் பறந்தது, ஸ்கைடைவிங்கை மனதில் வைத்தே வடிவமைத்தது. ஸ்கைவேனில் பின்பக்கம் முழுவதும் திறக்கும். ஒரு கூட்டமே சேர்ந்து ஓடிப்போய்க் குதிக்கலாம், அந்த அனுபவத்துக்காகவே அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. கிங் ஏர் மேலே போவதில் வேகமானது, ஆனால் உள்ளே குனிந்துதான் நகர முடியும், கதவும் சிறியது.

வாங்குகிறவர் கோணத்தில் சொன்னால், விமானத்தின் பெயரைவிட வெளியேறும் முறைக்கு மரியாதை கொடுங்கள். வால் தாழ்ந்திருக்கும் விமானத்திலிருந்து மேல்நோக்கித் துள்ளிக் குதிப்பது ஆபத்து. பின்கதவருகே எல்லோரும் முண்டியடித்தால் எடை பின்னால் சாய்ந்துவிடும், பைலட் வேகத்தையும் குறைத்திருக்கும் அந்த நேரத்தில் விமானம் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். "கதவுக்கு எத்தனை பேர் வரலாம்?" என்பதை ஏறும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடும் டிராப் ஜோன், எந்தப் பழைய விமானம் வைத்திருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: 40 ஜம்ப் முடித்திருக்கிறேன், எடை 75 கிலோ. டிராப் ஜோனில் ஒருவர் தன் பழைய ரிக்கை முழு செட்டாகத் தருகிறேன் என்கிறார். மெயின் (வழக்கமாகத் திறக்கும் பாராசூட்) 170 சதுர அடி, ரிசர்வ் (அவசரத்துக்கான பாராசூட்) 143, ஏஏடியும் (ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) உண்டு. புதியதில் பாதி விலைகூட இல்லை. வாங்கலாமா?

பதில்: முதல் ரிக் பழையதாக இருப்பதில் தவறே இல்லை, சொல்லப்போனால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இந்த ரிக் உங்களுக்கானதா என்று பார்ப்போம்.

கேனபி அளவிலிருந்து தொடங்கலாம். உங்கள் எடையோடு உடை, ரிக் எல்லாம் சேர்த்து 12 கிலோ கூட்டினால் 87 கிலோ, அதாவது ஏறத்தாழ 192 பவுண்டு. இதை 170-ஆல் வகுத்தால் 1.13 வருகிறது. இதைத்தான் விங் லோடிங் என்கிறோம். இந்த எண் ஏற ஏறக் கேனபி வேகமாகப் பறக்கும், தரையையும் வேகமாகத் தொடும், தவறு செய்தால் மன்னிக்காது. 40 ஜம்ப் செய்தவருக்கு 1.0-க்குள் இருப்பதே நல்லது. 190 சதுர அடி எடுத்தால் 1.0, 210 எடுத்தால் 0.91. "சீக்கிரம் பழகிவிடும், 170-ஐயே எடு" என்று விற்கிறவர் சொல்வார். உங்கள் கணுக்கால் எலும்பு அவருடையது அல்ல.

ரிசர்வ் 143 என்பது இன்னும் பெரிய தயக்கம். சரியாக விரியாத மெயினை வெட்டிவிட்டு, அதாவது கழற்றிவிட்டு, ரிசர்வில் இறங்கும் நாளில் நீங்கள் தாழ்வாக இருப்பீர்கள், பதற்றத்தில் இருப்பீர்கள், தெரியாத இடத்தில் இறங்குவீர்கள், ஒருவேளை நினைவே இல்லாமலும் இறங்கலாம். அந்த நாளுக்கு உங்கள் எடைக்கு 1.34 விங் லோடிங் தரும் கேனபி எனக்குச் சம்மதமில்லை. மெயினை மாற்றிக்கொள்ளலாம். ரிசர்வை மாற்றப் போனால் கன்டெய்னரில் (இரண்டு பாராசூட்டையும் மடித்து வைக்கும் பையில்) இடம் இருக்கிறதா என்ற கேள்வி வரும். 143-க்குத் தைத்த பையில் 190-ஐத் திணிக்க முடியாது. ஆக, பாதி விலை என்பது பாதி ரிக்குக்கான விலையாக முடிந்துவிடும்.

இந்த ரிக் வேண்டாம் என்றாலும் அடுத்து வருவதற்காகச் சொல்லிவைக்கிறேன். ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டும் பட்டைகள், உங்கள் உடம்புக்குச் சரியாக உட்கார வேண்டும். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதுபோல் இதைச் சமாளிக்க முடியாது. தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் பட்டை நீளமாக இருந்தால், பாராசூட் விரியும்போது ஹார்னஸ் மேலே ஏறி மார்புப் பட்டை கழுத்தை நெருங்கும். ரிக்கரால் (ரிக்குகளைச் சோதித்து, பழுது பார்ப்பவர்) ஹார்னஸை அளவு மாற்றித் தைக்க முடியும், ஆனால் செலவு கொஞ்சமல்ல, அதையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மெயின் எந்தத் துணி என்று கேளுங்கள். காற்றே புகாத ஜீரோ போரோசிட்டி துணி பல நூறு ஜம்புக்கு உழைக்கும். பழைய எஃப்-111 வகைத் துணியில் ஜம்புகள் கூடக் கூடக் காற்று கசியத் தொடங்கும், இறங்கும்போது பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் கேனபி தூக்கிப் பிடிக்காது. கயிறுகளையும் பாருங்கள். ஸ்பெக்ட்ரா கயிறு ஸ்லைடரின் (கேனபி மெதுவாக விரியக் கயிறுகளின் வழியே இறங்கும் துணி) உராய்வுச் சூட்டில் சுருங்கும். அதுவும் எல்லாக் கயிறும் ஒரே அளவில் சுருங்காது. திசை திருப்பும் கயிறு அதிகம் சுருங்குவதால் கேனபி எப்போதும் லேசாக பிரேக் போட்டபடியே பறக்கும். வெக்ட்ரான் சுருங்காது, ஆனால் தேய்ந்து நாராகி ஒருநாள் அறுந்துபோகும். கயிறு மாற்றி எத்தனை ஜம்ப் ஆனது என்ற கேள்விக்கு "ஞாபகமில்லை" என்று பதில் வந்தால், புதுக் கயிற்றின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.

ரிசர்வ் மேல் உள்ள சீட்டைப் பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்து ரிசர்வ்களில் எத்தனை முறை மடித்தார்கள், எத்தனை முறை திறந்தது என்று குறிக்கக் கட்டங்கள் இருக்கும். 40 முறை மடித்தாலோ 25 முறை திறந்தாலோ பரிசோதனைக்குத் தயாரித்தவரிடமே அனுப்ப வேண்டும்.

அப்புறம் முக்கியமானது: பணம் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த ரிக்கர் ஒருவர், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாமல், ரிசர்வைத் திறந்து முழுவதும் சோதிக்கட்டும். ரிக்கர் கையில் ரிக்கும் பணமும் ஒன்றாக இருக்கட்டும், அவர் சரி என்றதும் கை மாறட்டும். நேர்மையாக விற்பவர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. சுளித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

கேள்வி: சைப்ரஸ், விஜில், எம்2. எந்த ஏஏடி வாங்குவது?

பதில்: மூன்றும் செய்யும் வேலை ஒன்றே. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழேயும் நீங்கள் ஃபிரீஃபால் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைக் கட்டியிருக்கும் நூலை வெட்டிவிடும். சாதாரண முறையில் சைப்ரஸ் சுமார் 750 அடியில், விஜில் சுமார் 840 அடியில் வேலை செய்யும், இரண்டுக்கும் வேக எல்லை விநாடிக்கு 35 மீட்டர். ஜெர்மனியின் ஏர்டெக் 1991-இல் சைப்ரஸைக் கொண்டுவந்த பிறகுதான் அனுபவசாலிகளும் ஏஏடியை நம்பிக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

வாங்கும்போது கணக்கிட வேண்டியது விலை அல்ல, ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு. இப்போது வரும் சைப்ரஸுக்கு ஆயுள் 15.5 ஆண்டு, பழையவற்றுக்கு 12.5. விஜிலுக்கு 20, எம்2-க்கு 15. எல்லாம் தயாரித்த தேதியிலிருந்து, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. பழைய ஏஏடி வாங்கும்போது எத்தனை ஆண்டு மிச்சம் என்று எண்ணி, விலையை அதால் வகுத்துவிடுங்கள். இடையில் வரும் பரிசோதனை, பேட்டரி செலவையும் கூட்டுங்கள். இரண்டே ஆண்டு மிச்சமுள்ள கருவியை "இனாமாகத் தருகிறேன்" என்றால் வாங்கிக்கொள்ளலாம், பாதி விலை என்றால் வேண்டாம்.

எதை வாங்கினாலும் விமானம் கிளம்பும் இடத்தில் வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டு மலையேறிப் போனால் தரை எங்கே என்று அதற்குத் தவறாகத் தெரியும்.

கேள்வி: கன்டெய்னர் வெக்டரா, ஜாவலினா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் பேர் பெற்றவை, இரண்டிலும் ஆயிரக்கணக்கானோர் குதிக்கிறார்கள். உங்கள் டிராப் ஜோன் ரிக்கருக்கு எது நன்றாகப் பழக்கமோ அதை எடுங்கள். உதிரிக்கும் ரிப்பேருக்கும் அவரிடம்தான் போவீர்கள். ரிசர்வை மறுபடி மடிக்கும் கெடுவும் உண்டு, அமெரிக்காவில் 180 நாள், சில நாடுகளில் ஓராண்டு.

கூடுதல் பணம் எதற்குக் கொடுக்கலாம் என்று கேட்டால், ஸ்கைஹுக் போன்ற அமைப்புக்கு. மெயினை வெட்டிவிட்டதும், பறந்து போகிற அந்த மெயினே ரிசர்வை இழுத்து வெளியே எடுத்துவிடும். அதனால் மிகக் குறைந்த உயரத்திலேயே ரிசர்வ் விரிகிறது. இதை உருவாக்கிய பில் பூத்தான் 1970-களில் மெயினைக் கழற்றிவிடும் மூன்று வளைய ரிலீஸையும் கொண்டுவந்தவர், இன்று எந்த பிராண்டு வாங்கினாலும் தோளில் அந்த மூன்று வளையம் இருக்கும். வண்ணம், பெயர் பொறித்த எம்பிராய்டரி இவற்றுக்குப் பணம் தராதீர்கள். மறுபடி விற்கும்போது உங்கள் பெயர் பொறித்த பையை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: 60 ஜம்ப் ஆகிவிட்டது. அல்டிமீட்டர் (உயரம் காட்டும் கருவி) வாங்க வேண்டும், கூடவே ஹெல்மெட் கேமராவும். எதை எடுக்கலாம்?

பதில்: அல்டிமீட்டரில் முள் காட்டுவதோ எண் காட்டுவதோ, ஒரே பார்வையில் உங்களால் படிக்க முடிவதை எடுங்கள். கடன் வாங்கி இரண்டையும் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மிச்சப் பணத்தில் குறித்த உயரம் வந்ததும் காதருகே ஒலிக்கும் ஆடிபிள் ஒன்று வாங்குங்கள், ஆனால் அதன் சத்தத்தை நம்பி மணிக்கட்டைப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

கேமரா இப்போது வேண்டாம். 200 ஜம்ப் வரை பொறுக்கச் சொல்வது வழக்கம், காரணமும் உண்டு. கயிறு சிக்கிக்கொள்ள ஒரு கொக்கி தலையில் முளைக்கிறது, கவனமும் உயரத்தை விட்டு வீடியோவுக்குப் போய்விடுகிறது. அந்த நாள் வந்ததும் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் மவுண்டும், சட்டென்று அவிழும் தாடைப் பட்டையும் உள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கேமரா எந்த மாடல் என்பது அதற்குப் பிறகு.