ஒன்பது ஐந்தானால் விபத்து குறைந்துவிட்டதா?

கேள்வி: எங்களுடையது சிறிய நகரம். மாதத்துக்குச் சராசரியாக 5 சாலை விபத்துகள் பதிவாகும். மார்ச்சில் அது 9 ஆனது. "விபத்துகள் கிடுகிடு உயர்வு" என்று செய்தி வந்தது. அடுத்த வாரமே ஒரு நிறுவனத்தின் முகவர் வந்து, 2 சந்திப்புகளில் சோலார் பிளிங்கர் என்கிற கண்சிமிட்டும் விளக்கும் எச்சரிக்கைப் பலகையும் இலவசமாக வைத்துக் கொடுத்தார். ஏப்ரலில் விபத்து 5. "44 சதவீதம் குறைத்துவிட்டோம், மீதி 18 சந்திப்புகளுக்கும் வாங்கிப் போடுங்கள்" என்கிறார். செலவில் ஒரு பங்கை எங்கள் குடியிருப்போர் சங்கம் தர வேண்டுமாம். நான் பொருளாளர். கையெழுத்துப் போடலாமா? போடாமல் விட்டு நாளைக்கு ஓர் உயிர் போனால் பழி என் தலையில் விழுமே?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். பிளிங்கர் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அவர் காட்டும் கணக்கில் பிளிங்கரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை என்கிறேன். உங்கள் ஊரில் அந்த ஏப்ரலில் யாரும் எதுவும் செய்யாமல் தூங்கியிருந்தாலும் 9 என்பது 5க்குப் பக்கத்தில்தான் வந்து நின்றிருக்கும். ஏனென்றால் உங்கள் ஊரின் சராசரியே 5. மேலே எகிறிய மாதத்துக்கு அடுத்த மாதம் கீழே வருவது வழக்கம். அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள ஓர் ஆள் சரியாக அந்த நேரத்துக்கு வந்து நிற்பார், அதுவும் வழக்கம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் சங்கக் கூட்டத்தில் ஒன்று செய்து பாருங்கள். பன்னிரண்டு சீட்டுகளில் பன்னிரண்டு மாதப் பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். குலுக்கி ஒரு சீட்டை எடுத்து, மாதத்தைக் குறித்துக்கொண்டு, சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுவிடுங்கள். இப்படி 60 தடவை. வருடத்துக்கு 60 விபத்து, மாதம் சராசரி 5, உங்கள் ஊர் மாதிரியே. ஆனால் இந்த டப்பாவுக்குள் மழை இல்லை, குடிபோதை இல்லை, பள்ளம் இல்லை, எல்லா மாதமும் ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக ஐந்து விழுமா? விழாது. 5, 3, 8, 4, 6, 2, 9, 5, 4, 7, 3, 4 என்கிற மாதிரி ஏதாவது விழும். இதைப் பார்த்துவிட்டு "ஜூனில் நன்றாக ஓட்டினார்கள், ஜூலையில் ஊர் கெட்டுப்போனது" என்று நாலு பத்தி எழுத ஆள் கிடைப்பார். டப்பாவைக் குலுக்கியது நீங்கள்தான்.

கணக்காகவே சொல்கிறேன். சராசரி 5 உள்ள ஊரில், எதுவுமே மாறாத நிலையிலும், ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு மாதம் 9 அல்லது அதற்கு மேல் போக ஏறக்குறைய 57 சதவீத வாய்ப்பு. அதே வருடத்தில் ஏதாவது ஒரு மாதம் 2 அல்லது அதற்குக் கீழே இறங்க 80 சதவீத வாய்ப்பு. அதாவது உங்கள் மார்ச் மாதிரி ஒரு மாதம் வராமல் போகும் வருடத்தைவிட வரும் வருடம்தான் அதிகம். இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: சராசரியின் வர்க்கமூலத்தை எடுத்து இரட்டிப்பாக்குங்கள், அந்த அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. ஐந்தின் வர்க்கமூலம் 2.2, இரட்டித்தால் 4.4. ஆக 1 முதல் 9 வரை எது வந்தாலும் சத்தம் போட வேண்டியதில்லை. வருடக் கணக்கான 60க்கும் இதே விதி: 45 முதல் 75 வரை ஆடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1898இல் போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை ஒரு புத்தகத்தில் அலசினார். அதில் பத்துப் படைப்பிரிவுகளின் இருபது வருடக் கணக்கு, ஆக 200 வரிகள், இன்றும் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 109 வரிகளில் சாவே இல்லை, 65இல் ஒன்று, 22இல் இரண்டு, 3இல் மூன்று. ஒரே ஒரு வரியில் மட்டும் நான்கு. அந்த நான்கு பேரை இழந்த படைப்பிரிவில் அந்த வருடம் எத்தனை விசாரணை நடந்ததோ! எத்தனை குதிரைக்காரனைத் திட்டினார்களோ! கணக்குப்படி, எல்லாக் குதிரையும் ஒரே குணம் என்று வைத்துக்கொண்டாலும் இதே மாதிரிப் பரவல்தான் வரும்.

இனி அந்த இரண்டு சந்திப்புகள். அவர் எந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டீர்களா? மார்ச்சில் அதிக விபத்து நடந்த இரண்டாகத்தான் இருக்கும். உங்கள் ஊரில் 20 சந்திப்புகள். எல்லா விபத்தும் சந்திப்பிலேயே சமமாக நடப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு சந்திப்புக்கு வருடத்துக்கு 3. மார்ச்சில் ஒரே சந்திப்பில் 3 நடந்துவிட்டது என்றால் பெரிதாகத் தெரியும்தான். ஆனால் அடுத்த மாதம் அதே இடத்தில் ஒன்றுகூட நடக்காமல் இருக்க 78 சதவீத வாய்ப்பு. அங்கே பிளிங்கருக்குப் பதில் ஒரு துடைப்பத்தை நட்டு வைத்திருந்தாலும் "மூன்றிலிருந்து பூஜ்யம், நூறு சதவீத வெற்றி" என்று படம் பிடித்துப் போட்டிருக்கலாம்.

இந்த முகவர்களைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். பிளிங்கர், வேகத்தடை, வளைவுக் கண்ணாடி, கேமரா என்று பொருள் மாறும், பேச்சு மாறாது. முதலில் "இலவச பாதுகாப்பு ஆய்வு" செய்து தருகிறேன் என்பார்கள். அந்த ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கம் எப்போதும் விலைப்பட்டியலில் போய் முடியும். "இந்தச் சந்திப்பில் எதுவும் தேவையில்லை" என்று எழுதிய இலவச ஆய்வை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அப்புறம் சதவீதம். எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போதுதான் சதவீதம் பேசுவார்கள். "நான்கு விபத்து குறைந்தது" என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், "44 சதவீதம்" என்றால் கூட்டத்தில் தலைகள் ஆடும். அடுத்து, தொடக்க மாதத்தை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், அது எப்போதும் மலை உச்சி மாதம். ஒரு வருடம் கழித்து எண்ணிக்கை ஏறிவிட்டால் "மொத்த விபத்து" என்ற பேச்சே மறைந்து "பலத்த காயம்" என்று தலைப்பு மாறும். அதுவும் ஏறினால் "மக்கள் வரவேற்பு" என்று மாறும்.

இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் பலகை வைக்காத 18 சந்திப்புகளில் ஏப்ரலில் என்ன ஆனது?" அங்கேயும் குறைந்திருந்தால் குறைத்தது பலகை இல்லை. கேட்டவுடன் அவருக்கு அவசரமாக ஒரு போன் வரும்.

உண்மையாகவே ஒரு மாற்றத்தால் விபத்து குறைந்தாலும் அது நிற்குமா என்பது வேறு சங்கதி. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நாடே குழம்பி மோதிக்கொள்ளும் என்று பயந்தார்கள். நடந்தது நேர்மாறு: எல்லோரும் பயந்து பயந்து ஓட்டியதில் விபத்து குறைந்தது. ஆனால் பழகப் பழகப் பயம் போய்விட்டது. 1969க்குள் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஒரு தேசமே பக்கம் மாறியதன் அதிர்ச்சிக்கு ஆயுள் அவ்வளவுதான் என்றால், மூலையில் கண் சிமிட்டும் ஒரு விளக்குக்கு எத்தனை நாள் ஆயுள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முகவரை மட்டும் திட்டி என்ன செய்வது? அவருக்குப் பாய் விரித்துக் கொடுப்பது மாதாந்திரக் கணக்கு வெளியிடும் முறைதான். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலு ஒன்பதானதை "125 சதவீத உயர்வு" என்று அறிக்கை விடுகிறார்கள். மூன்று வருடச் சராசரியை அதன் கீழே ஒரு வரி போட எத்தனை நிமிடம் ஆகும்? ஒரு ஊரில் விபத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க எனக்கு ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. அதற்கே மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. "காரணம்" என்ற பத்தியில் முதல் வரியில் "ஓட்டுநர் கவனக்குறைவு". கீழே "மேற்படி". அதற்கும் கீழே "மேற்படி". பக்கம் முழுக்க மேற்படிதான், பேனா மை மட்டும் நடுவில் நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறியிருந்தது. இடம் என்ற பத்தியில் "பாலம் அருகில்". பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, ஏறும் வண்டியா இறங்கும் வண்டியா, ஒன்றும் இல்லை. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அதைச் சாலை மரணமாகச் சேர்ப்பது உலகளவில் ஏற்றுக்கொண்ட வரையறை; ஆனால் மருத்துவமனையில் இருபதாம் நாள் இறந்தவரைத் தேடிப் போய்ப் பதிவைத் திருத்த யாருக்கு நேரம்? இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் உயர்வு, சரிவு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்லியாக வேண்டும். "எல்லாம் தற்செயல்" என்று நான் சொன்னதாக நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். மாத எண்ணிக்கை பேசாது. ஆனால் விபத்து நடந்த விதம் பேசும். ஒரே சந்திப்பில் மூன்று விபத்து, மூன்றிலும் ஒரே கிளைச் சாலையிலிருந்து வெளியே வந்த வண்டி, மூன்றிலும் அதன் ஒரே பக்கத்தில் அடி என்றால் அதைத் தற்செயல் என்று விடக்கூடாது. போய்ப் பாருங்கள். வெளியே வரும் ஓட்டுநரின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். மரக்கிளை வளர்ந்து "நில்" பலகையை மூடியிருக்கும், அல்லது யாரோ ஒரு விளம்பரத் தட்டியைப் பார்வைக்குக் குறுக்கே நட்டிருப்பார்கள். அதற்குச் சராசரி வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம், அரிவாள் போதும். மூன்றாவது விபத்துக்கும் காத்திருக்க வேண்டாம், இரண்டு போதும். பார்த்தவுடன் தெரிகிறது என்றால் விபத்தே வேண்டாம்.

அதேபோல, மூன்றும் காலை ஒரே அரை மணி நேரத்தில், கிழக்கு நோக்கிப் போன வண்டிகள் என்றால் சூரியன் கண்ணில் அடிக்கிறது. மூன்றும் இரவில் என்றால் தெருவிளக்கு எரிகிறதா பாருங்கள். சாலைக்குப் புதுத் தார் போட்டு வெள்ளைக்கோடு போடாமல் விட்ட வாரத்தில் தொடங்கியது என்றால் பதில் கையிலேயே இருக்கிறது. ஆனால் "ஒரே மாதிரி" என்பதை இழுத்து நீட்டாதீர்கள். மூன்றிலும் பைக் இருந்தது என்பது ஒற்றுமை ஆகாது. அந்தச் சாலையில் ஓடுவதில் பாதி பைக் என்றால் பைக் இருக்கத்தான் செய்யும். மூன்றிலும் ஓட்டியது இளைஞர் என்பதும் அப்படியே. எந்தத் திசையிலிருந்து வந்து, எந்தப் பக்கம் திரும்பி, எதைப் பார்க்காமல் மோதினார்கள் என்பதில் ஒற்றுமை இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், ஒவ்வொரு விபத்துக்கும் கையால் வரைந்த வரைபடத்தைக் கேளுங்கள். அதையெல்லாம் ஒரே தாளில் அம்புக்குறியாகப் போட்டால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

பலகை வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது, விபத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேகத்தை அளந்து பாருங்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சந்திப்புக்கு முன்னால் சாலையோரம் 100 மீட்டர் அளந்து இரண்டு அடையாளம் வையுங்கள். போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். அந்தத் தூரத்தை 6 நொடியில் கடந்தால் 60 கிலோமீட்டர் வேகம், 9 நொடி என்றால் 40, 12 நொடி என்றால் 30. முன்னால் வேறு வண்டி மறிக்காமல் தனியாக வரும் வண்டிகளாக 100 எடுங்கள். ஓரமாக, கண்ணில் படாமல் நில்லுங்கள். பளபளக்கும் சட்டை போட்டு நின்றால் எல்லோரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். பலகை வைப்பதற்கு முன் ஒருமுறை, வைத்து ஒரு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம். முகவருக்கு உண்மையிலேயே தன் பொருள் மீது நம்பிக்கை இருந்தால் மூன்றாவது சந்திப்பில் இப்படி அளந்து பார்க்கச் சம்மதிக்கட்டும், பணத்தை மூன்று மாதம் கழித்து அளந்து பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்தப் பழி. கையெழுத்துப் போட்டு 18 பலகையும் வைத்த பிறகு ஓர் உயிர் போனாலும் உங்களைத்தான் கேட்பார்கள், பணம் எங்கே போனது என்று சேர்த்துக் கேட்பார்கள். அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதிவையுங்கள்: மூன்று வருட விபத்து வரைபடங்களைக் கேட்டு விண்ணப்பித்த தேதி, அளந்த வேகம், வெட்டச் சொன்ன கிளை, எரியாத விளக்கின் கம்ப எண், யாரிடம் கடிதம் கொடுத்தோம், பதில் வந்ததா. கடிதத்தின் நகலில் வாங்கியவரின் முத்திரை இருக்கட்டும். அந்த விளக்கைப் போடச் சொல்லி இரண்டாம் கடிதம் எழுத வேண்டிவரும், அதற்கும் இப்போதே ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.