புள்ளி ஓவியங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

கணவருக்கு ஆஸ்திரேலியாவின் நடுவில், பாலைவனத்தில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வீட்டு வாடகை, குழந்தைக்குப் பள்ளி, முருங்கைக்காய் கிடைக்குமா, இரவில் வெளியே போகலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியாக இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரிலுள்ள பெண்கள் ஓவியக் குழு ஒன்றில் சேர்ந்திருப்பதாகவும், மண்சாலையில் சில மணி நேரம் பயணம் செய்து போகவேண்டிய ஒரு பூர்வகுடிக் கம்யூனிட்டியில், அதாவது பூர்வகுடி மக்கள் வாழும் சிற்றூரில், அங்குள்ள பெண்களோடு சேர்ந்து அந்தக் குழு கண்காட்சி நடத்தப் போவதாகவும், உங்கள் கோல ஓவியங்களோடு 'அவர்கள் பாணியில்' இரண்டு புள்ளி ஓவியங்களும் வரைந்து வைத்திருப்பதாகவும், அவை விலைபோகுமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் பதில் சொல்ல விரும்புவது இதற்குத்தான். மற்றவற்றைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை: வாடகை அதிகம்தான், பள்ளிகளை நேரில் போய்ப் பாருங்கள், முருங்கைக்காய் உறையவைத்த பொட்டலத்தில் கிடைக்கும், காரைப் பூட்டுங்கள், இருக்கையில் கைப்பையை விட்டுவிட்டு இறங்காதீர்கள். இரவைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல், வந்த நாள் முதல் ஒரு பூர்வகுடிப் பெண்ணிடமும் பேசிப் பார்க்காதவர்கள் சொல்லும் கதைகள்.

முதலில், அந்த இரண்டு புள்ளி ஓவியங்களையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அவை அழகாகவே இருக்கலாம். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு அது எளிதாகவும் வரும். ஆனாலும் அவற்றை எடுத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது. இந்த ஊரில் நம்மவர்கள் கூடும் விழாக்களில் குழந்தைகளுக்கு 'ஆதிவாசி ஓவியப் பயிற்சி' என்று பஞ்சுக்குச்சியும் வண்ணமும் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, 'இதுவும் நம் கோலம் மாதிரிதானே' என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்வதை ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். கோலம் யாரும் போடலாம். பக்கத்து வீட்டு வாசலில் பார்த்ததை நாளைக்கு நம் வாசலில் போடலாம், எவரும் கேட்கமாட்டார்கள். பாலைவனத்து ஓவியம் அப்படியல்ல. ஒரு நீரூற்று, ஒரு பாறைத்தொடர், ஒரு கிழங்குக் கொடி ஆகியவற்றின் கதையை வரையும் உரிமை பிறப்பாலும் உறவாலும் வருவது. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு, தேர்வடத்தை முதலில் தொடுவது எந்தத் தெருக்காரர் என்பதில் எவ்வளவு கண்டிப்பு உண்டோ, அவ்வளவு கண்டிப்பு இதிலும் உண்டு. அந்த மக்களுக்குள்ளேயே, அடுத்த குடும்பத்தின் கதையை அனுமதியின்றித் தொடமாட்டார்கள்.

புள்ளிகளுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1971-இல் பப்புன்யா என்ற பாலைவனத்துப் பூர்வகுடி ஊரில் ஆண்கள் பலகைகளில் வரையத் தொடங்கியபோது, சடங்குக்கு மட்டுமே உரிய சில வடிவங்கள் வெளியார் பார்வைக்கு வந்துவிட்டன. அதை மற்றப் பகுதிகளின் பெரியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன்பின், வெளிப்படுத்தக் கூடாதவற்றை மறைக்கும் திரையாகவும் புள்ளிகள் நெருக்கமாக இடப்பட்டன. அந்தப் புள்ளிகளை அழகுக்காக மட்டும் நாம் எடுத்து வரைந்துகொண்டு போய், அவர்கள் வாசலிலேயே விலைப்பட்டியலோடு மாட்டிவைத்தால், அவர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள். உங்கள் பக்கம் வராமல் இருந்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. போலிப் பொருள்களால் இந்த மக்கள் இழந்தது கொஞ்சமல்ல. 'பூர்வகுடி பாணி' என்ற பெயரில் விற்கும் நினைவுப்பொருள்களுக்காக மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்கே போகிறது என்று 2022-இல் ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் கூறியது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடியினர் கையால் செய்தவை போல் விற்றதற்காக ஒரு மொத்த வணிக நிறுவனத்துக்கு 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நம்மவர் வீட்டு வரவேற்பறைகளில் தொங்கும் 'அசல்' ஓவியங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். வரைந்தவர் பெயரைக் கேட்டால், விமான நிலையக் கடையின் பெயரைச் சொல்வார்கள்.

இவ்வளவு சொல்வதால் போகவேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டாயம் போங்கள், உங்கள் கோலங்களை எடுத்துக்கொண்டு போங்கள். அது யாரிடம் கற்றது, எந்த மாதத்தில் போடுவது, ஏன் அரிசிமாவு, ஏன் விடியலில், போட்டதை மிதித்து அழித்துவிட்டுப் போவதில் ஏன் யாருக்கும் வருத்தமில்லை என்பதையெல்லாம் அந்தப் பெண்கள் கேட்பார்கள். நீங்கள் வரைந்ததைவிட, அதை உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாட்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். ஆகவே அந்தக் கதைகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைத் துணிந்து சொல்வதற்குக் காரணம், நான் வந்து இறங்கியது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அளவுக்குக்கூட இல்லாத ஓர் இடத்தில். மதுரையிலிருந்து செவிலியாக வந்தேன். ஆளெடுத்து அனுப்பிய முகவர் 'எல்லா வசதியும் உள்ள சிற்றூர்' என்றார். ஜனவரி மாதத்து வெயிலில் போய் இறங்கியபோது ஒரு கடை, ஒரு மருத்துவ நிலையம், ஒரு பள்ளி, தகரக் கூரை போட்ட ஓர் ஓவிய மையம், எண்ண முடியாத நாய்கள், இவ்வளவுதான் இருந்தன. ஒரு சாவு நேர்ந்தால் ஊரே துக்கத்தில் ஒடுங்கிக் கடை முதல் பள்ளி வரை மூடிவிடும் என்பதையோ, இறந்தவர் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதையோ, அந்தப் பெயர் கொண்ட உயிரோடிருப்பவர்கூட வேறு பெயரால் அழைக்கப்படுவார் என்பதையோ எனக்கு எவரும் சொல்லி அனுப்பவில்லை. பணி முடிந்த நேரங்களில் நான் போய் உட்கார்ந்த இடம் அந்த ஓவிய மையம்தான். தரையில் துணியை விரித்து, காலை நீட்டி அமர்ந்து, பேசிக்கொண்டே வரையும் மூதாட்டிகளின் பக்கத்தில், ஒரு வார்த்தையும் புரியாமல் உட்கார்ந்திருப்பேன். எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாதங்கள் போன பிறகு, அவர்களில் ஒருவர் என்னைத் தம் உறவுமுறைக்குள் ஒரு மகளாக வைத்தார். அன்று முதல் அந்த ஊரில் யாரோடு கேலி பேசலாம், யாரை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தீர்மானமாகிவிட்டது. அத்தை மாமன் முறை தெரிந்த நமக்கு இது ஒன்றும் கடினமல்ல. என்னோடு வேலைக்கு வந்த வெள்ளைக்காரச் செவிலியர் பலருக்கு விளங்காத முறை எனக்குச் சில வாரங்களில் விளங்கிவிட்டதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தப் பெண்களின் கலையைப் பொழுதுபோக்குக் கைவேலை என்று எண்ணிவிடாதீர்கள். நம்மவர்களில் படித்தவர்கள்கூட அப்படி நினைப்பதால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் வட எல்லையையொட்டிய மலைப்பகுதியில் உள்ள எர்னபெல்லாவில் 1948-இல் தொடங்கிய கைத்தொழில் அறை, இடைவிடாமல் இயங்கிவரும் பூர்வகுடி ஓவிய மையங்களிலேயே மிகப் பழையது. கம்பளி நூற்பதில் தொடங்கிய அந்தப் பெண்கள், 1971-இல் பாத்திக் கற்றார்கள். நாம் சேலையில் பார்க்கும் அதே மெழுகுச் சாயவேலைதான். அவர்களில் சிலர் சில ஆண்டுகளிலேயே அதற்குப் பேர்போன ஜாவாவுக்கே போய்ப் பயின்று வந்தார்கள். உட்டோப்பியா என்ற பகுதி ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டரில் உள்ளது. அங்கே 1977-இல் பெண்கள் பாத்திக் குழு உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த மண்ணுக்கான உரிமைக் கோரிக்கை விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பெண்கள் தங்கள் சடங்கு ஆட்டங்களையும் பாடல்களையும் முன்வைத்துத் தங்களுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டினார்கள். துணியில் அவர்கள் மெழுகால் வரைந்ததும் அதே நிலத்தின் கதைகளைத்தான். புகழ்பெற்ற ஓவியர் எமிலி காமே உங்வாரே அந்தக் குழுவிலிருந்து வந்தவர். எழுபது வயதைக் கடந்தபின், 1988-ஐ ஒட்டித்தான் அவர் கித்தான் துணியில் வண்ணம் தீட்டத் தொடங்கினார், 1996-இல் மறைந்தார். அவருடைய ஓர் ஓவியம் 2007-இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது.

ஜான்பி நெசவாளர்கள் என்ற பெயரையும் விரைவில் கேள்விப்படுவீர்கள். தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம் ஆகிய மூன்றின் எல்லைகள் சந்திக்கும் பாலைவனப் பகுதியின் பெண்கள் அமைப்பு 1995-இல் புல்லால் கூடை பின்னும் பயிற்சியாகத் தொடங்கியது அது. பத்தே ஆண்டுகளில், பிளாக்ஸ்டோன் என்ற கம்யூனிட்டியின் பெண்கள் முழு அளவில் ஒரு டொயோட்டா வண்டியையே புல்லால் முடைந்து, 2005-இல் நாட்டின் முதன்மையான பூர்வகுடிக் கலைப்பரிசை வென்றார்கள். சமையல், பிள்ளைகள், சுள்ளி பொறுக்குதல், துக்க வீடு எல்லாவற்றுக்கும் நடுவில் செய்த வேலை அது.

இனி, கண்காட்சி நாளுக்கான எச்சரிக்கைகள். ஓவியங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடாதீர்கள். அலை அலையாக நெளிந்து கிடக்கும் மண்சாலையில் வண்டி அதிரும் அதிர்ச்சியில் கண்ணாடி தூளாகிவிடும், செம்மண் தூசு எந்த உறைக்குள்ளும் புகுந்துவிடும். துணியில் வரைந்து சுருட்டி, இரண்டு அடுக்கு நெகிழித்தாளில் பொதிந்து எடுத்துப் போங்கள். மது ஒரு துளியும் வண்டியில் இருக்கக் கூடாது, அது சட்டம். கேட்காமல் யாரையும், குழந்தைகளைக்கூட, படம் எடுக்காதீர்கள். எடுத்தாலும் முகநூலில் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். காலை பத்து மணிக்குத் திறப்பு என்று அச்சடித்திருந்தால் பத்து மணி என்று நம்பாதீர்கள். பக்கத்தில் எங்காவது கால்பந்துப் போட்டி இருந்தாலோ, துக்கம் நேர்ந்திருந்தாலோ, மழை பெய்து சாலை மூடியிருந்தாலோ, எல்லாம் தள்ளிப்போகும். அதற்காக முகம் சுளிப்பவர்களை அவர்கள் மறக்கமாட்டார்கள். பெண்களுக்கு மட்டும் உரிய இடங்களும் பாடல்களும் உண்டு. ஆகவே உங்கள் கணவர் வண்டி ஓட்டி வந்தால், சொன்ன இடத்தில் இருக்கவேண்டும், சுற்றிப் பார்க்கிறேன் என்று தனியாகக் கிளம்பக் கூடாது. உடைக்குக் கவலை வேண்டாம், சல்வார் போதும். சாப்பாட்டில் கங்காரு வால் வந்தால், சைவம் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மூக்கை மட்டும் பொத்தாதீர்கள்.

ஓவியம் வாங்க ஆசைப்பட்டால் ஓவிய மையத்தில், ரசீதும் வரைந்தவர் பெயரும் கதையும் எழுதிய சான்றிதழும் பெற்று வாங்குங்கள். அந்த மையங்கள் பெரும்பாலும் அந்த மக்களுக்கே சொந்தமானவை. விற்ற பணத்தில் வரைந்தவருக்குரிய பங்கு போக, மீதி வண்ணத்துக்கும் துணிக்கும் கட்டடத்துக்கும் போகிறது. மரத்தடியில் ஒரு மூதாட்டியைத் தனியாகப் பிடித்து, ஐம்பது டாலரைக் கையில் திணித்து, சுருட்டிக்கொண்டு வருவது கெட்டிக்காரத்தனம் என்று நம்மவர் சிலர் என்னிடமே பெருமையடித்திருக்கிறார்கள். பழைய காருக்கும் விடுதி அறைக்கும் ஈடாக ஓவியர்களை வரையவைத்துச் சுரண்டிய வியாபாரிகளைப் பற்றி நாடாளுமன்றத்தின் மேலவை 2007-இல் அறிக்கையே வெளியிட்டது. அந்தக் கூட்டத்தில் நம்மவரும் சேர்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் விசா எனக்குத் தெரியாது. பிராந்தியப் பகுதிகளுக்கான 491 விசாவில் வந்தவர்கள் பலர், பிராந்தியப் பகுதியில் கழிக்கவேண்டிய மூன்று ஆண்டுகளைச் சிறைவாசம்போல் நாட்காட்டியில் கிழித்துவிட்டு, அட்டைப்பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் மெல்பர்னுக்கு ஓடிவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால், இந்தப் பாலைவனத்தின் மையங்கள் எல்லாம் சேர்ந்து 1991 முதல் ஆண்டுதோறும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் அராலுவென் கலை மையத்தில் நடத்தும் டெசர்ட் மாப் கண்காட்சியை, இதே ஊரில் குடியிருந்தும் ஒரு முறைகூட எட்டிப் பார்க்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கம்யூனிட்டிப் பயணத்துக்கு முன்னால் அது வந்தால், முதலில் அதற்குப் போய்வாருங்கள். எந்த ஊர்ப் பெண்களின் கை எப்படிப்பட்டது என்பது அங்கே ஒரே கூரையின்கீழ் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதை நாளைக்கே செய்யுங்கள். பூர்வகுடி நிலத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். வடக்குப் பிரதேசத்தின் இந்தப் பகுதியென்றால் மத்திய நில மன்றத்திடம் (Central Land Council) விண்ணப்பிக்கவேண்டும். எல்லை தாண்டித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் என்றால் அந்த நிலத்தின் நிர்வாகத்திடம். குழுவுக்கு மொத்தமாக விண்ணப்பித்திருக்கிறார்களா, அதில் உங்கள் பெயரும் வண்டி ஓட்டும் கணவர் பெயரும் குழந்தையின் பெயரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால், இரண்டு மூன்று வாரங்களாவது முன்கூட்டியே நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள்.